வெண்கலத் தொண்டை

ஜூன் 6

எங்கள் தவளைக்குட்டிக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் சுகம், உன் அத்தையும் சுகம். அத்தையின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. அங்கே நீயும் உன் குளமும் சுகந்தானே?

உன் கடிதத்தை அத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற மகளுக்குத் தண்ணீரால் என்ன வருமோ என்று உன் அம்மா, அதான் என் அக்கா, பதினொரு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறாள். உனக்கோ தொண்டையால் வந்திருக்கிறது. கூரை போட்ட குளம், நாலு பக்கமும் ஓடு பதித்த சுவர், ஒன்று சொன்னால் ஒன்பதாகத் திரும்பும் சத்தம், இருபத்தைந்து பிள்ளைகள். வெள்ளிக்கிழமை வந்தால் உன் குரல் கதவிடுக்கில் மாட்டிய பூனை மாதிரி ஆகிவிடுகிறது என்கிறாய். புது மேலாளர் செப்டம்பர் முதல் தேதி சோதனை வைக்கிறாராம். இந்தக் கரையில் நின்று நீ கூப்பிட்டால் ஐம்பது மீட்டர் தள்ளி அந்தக் கரையில் நிற்கிற அவர் காதில் சொல் தெளிவாக விழ வேண்டுமாம். விழாவிட்டால் உன்னை, குளிக்க வருகிறவர்களுக்குத் துவட்டத் துண்டு கொடுக்கிற சன்னலுக்கு மாற்றிவிடுவாராம். பதினொரு வருடம் குளத்தங்கரையில் நின்றவளைச் சன்னலுக்குள் உட்கார வைக்க அவருக்கு எவ்வளவு துணிச்சல்.

முப்பது வருடமாக ஏலக்கடையில் கூவுகிற மாமாவின் தொண்டை மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாய். நான் ஒரு பழைய நாற்காலியைக் கூவ ஆரம்பித்தால் எதிர்த் தெருவில் முடிவெட்டுகிறவர் கத்தியை நிறுத்திக் காது கொடுப்பார். ஒருமுறை ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்றை ஏலம் விட்டேன். என் சத்தத்தின் அதிர்ச்சியிலேயே அது ஓட ஆரம்பித்துவிட்டது. வாங்கிப்போனவர் இன்றுவரை சாவி கொடுக்கவில்லையாம்.

இது வரமில்லை, பயிற்சி. நான் எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன், கூட்டிப் பார்த்தால் காலேஜ் வந்துவிடும். அந்தப் படிப்பில் சொல்கிறேன், தொண்டையும் உள்ளங்கையும் ஒன்று. காய்த்தால்தான் உரம். காலையில் வெறும் வயிற்றில் இருபது தடவை பலமாகச் செருமு. அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரவேண்டும். பிறகு ஒரு காலி டிரம்முக்குள் தலையை விட்டுக் கால் மணி நேரம் கத்து. டிரம் திருப்பிக் கத்தும். அதை ஜெயிக்கும்வரை விடாதே. நடுநடுவே பாலில்லாத கடுங்காப்பி. மூன்று மாதத்தில் உன் தொண்டை வெண்கலம்.

நீ போன் செய்ததாக அத்தை சொன்னாள். குளித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் கடிதமே எழுது. போனில் பேசினால் குரல் கம்பி வழியாகக் கசிந்து வீணாகிவிடும்.

ஊரைக் கூட்டும்,
உன் மாமா


ஜூன் 16

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம், தொண்டையைத் தவிர. அத்தையின் முழங்காலைத் தனியாக விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஈரத் துண்டுகளை ஊறவைக்கும் நீல டிரம் ஒன்று மோட்டார் அறையில் காலியாகக் கிடந்தது. அதைக் கழுவி வைத்துக்கொண்டு தினமும் கத்துகிறேன். முதல் நாள், யாரோ உள்ளே விழுந்துவிட்டார்கள் என்று துடைக்கிற அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்துவிட்டார். இப்போது பழகிவிட்டது. "முடிஞ்சா சொல்லு, நான் தரை துடைக்கணும்" என்று வாசலில் காத்திருக்கிறார்.

ஆனால் மாமா, ஒன்று புரியவில்லை. உரம் ஏறுகிறது என்றால் எந்த இடத்தில் ஏறுகிறது? கத்தும்போது கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன், உள்ளே சின்ன மோட்டார் ஓடுவது மாதிரி அதிர்கிறது. அது என்ன? குரல் அங்கேயே உண்டாகிறதா, கீழிருந்து வருகிறதா? பதினொரு வருடமாக இதை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன், அது எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. நீச்சல்காரிக்குக் கை கால் தெரியும், நுரையீரல் தெரியும். இது மட்டும் மூடிய அறை மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. காலையில் டிரம் முடித்த பிறகு குரல் முன்பைவிடத் தடித்து வருகிறது. மத்தியானத்துக்குள் வலி. இது சரிதானா?

இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்தேன். இரண்டு தடவையும் நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். நீச்சல் குளத்தில் வேலை பார்க்கிற நானே உங்கள் அளவுக்குத் தண்ணீரில் இருப்பதில்லை.

அன்புடன்,
உங்கள் தவளை


ஜூன் 23

தவளைக்குட்டிக்கு,

இங்கே மழை இல்லை, நோய் இல்லை, அத்தையின் முழங்கால் உன் விசாரிப்பைக் கேட்டு இரண்டு படி ஏறியது. உன் வலி கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சரியான கேள்வி கேட்டாய். உன் அம்மா சின்ன வயதில் இப்படிக் கேட்டிருந்தால் இன்றைக்கு ஜட்ஜ் ஆகியிருப்பாள். குரல் தொப்புளுக்குப் பின்னால் உற்பத்தியாகி, காற்றுக்குழாயில் ஏறி, தொண்டையில் இரட்டைக் கதவு ஒன்றைத் திறந்துகொண்டு வெளியே வருகிறது. உன் கைக்குத் தெரிந்த மோட்டார் அந்தக் கதவு அடித்துக்கொள்வதுதான். பயன்படுத்தாத கதவின் கீல் துருப்பிடித்துவிடும். அதனால்தான் செருமச் சொன்னேன். செருமுவது கதவுக்கு எண்ணெய் போடுவது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நானே யோசித்துக் கண்டுபிடித்தது.

வலிக்கிறதா, வலிக்கட்டும். பழுக்கிற காய்க்கும் வலிக்கத்தான் செய்யும், அது வாய் திறந்து சொல்வதில்லை. குரல் ரொம்பவும் கட்டினால் மட்டும் ஒன்று செய். நாள் முழுக்கக் கிசுகிசுவென்று பேசு. ரகசியம் பேசுவதுபோல. அது குரலைச் சேமித்து வைக்கும். வாயில் எப்போதும் ஒரு காரமான புதினா மிட்டாய் கிடக்கட்டும். கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒரு பாட்டுக்காரர் நான் கூவுவதைக் கேட்டு, வாங்கிய கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் சொல்வேன், தற்பெருமை எனக்குப் பிடிக்காது.

கொஞ்சம் எழுத்து கோணியிருந்தால் மன்னித்துக்கொள். நேற்று ஓர் அலமாரிக் கதவைக் கூட்டத்துக்குத் தெரியும்படி அரைமணி நேரம் தூக்கிப் பிடித்து நின்றேன், தோள் கழன்றுவிட்டது. கூவுகிற ஆள் ஏன் கதவைத் தூக்க வேண்டும் என்று கேட்பாய். கடையில் ஆள் பற்றாக்குறை.

மறுபடி போன் வந்தபோது உண்மையிலேயே குளித்துக்கொண்டிருந்தேன்.

வாயால் பிழைக்கும்,
மாமா


ஜூலை 12

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சொன்னபடி ஒரு வாரம் முழுக்கக் கிசுகிசுவென்றே பேசினேன். மிட்டாய் டப்பா இரண்டு காலி. செவ்வாய்க்கிழமை ஒரு குட்டிப் பெண் கயிற்றைத் தாண்டி ஆழப் பக்கம் மிதந்து போனாள். கூப்பிட்டேன். வாய் திறந்தது, வயிறு எக்கியது, சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. உடுப்போடு குதித்துப் போய்ப் பிடித்தேன். அவள் ஆபத்தில் இல்லை, மல்லாந்து கூரையில் விளக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான்தான் கரையேறிய பிறகும் அவள் கையை விடவில்லை.

மறுநாள் தொண்டை மருத்துவரிடம் போனேன். மூக்கு வழியாக நூல் போல ஒரு கேமராவை விட்டு, எதிரே திரையில் காட்டினார். மாமா, நீங்கள் சொன்ன கதவு உண்மையிலேயே இருக்கிறது. குரல்நாண் என்று பெயராம். இரண்டு வெள்ளை நாடா, ஒரு முனையில் சேர்ந்து, ஆங்கில வி எழுத்து மாதிரி. மூச்சு விட்டால் விலகுகிறது, 'ஈ' என்றால் ஓடி வந்து சேர்கிறது. என் உடம்புக்குள் இப்படி ஒன்று இத்தனை வருடம் ஆடிக்கொண்டிருந்ததா என்று வலியை மறந்து பார்த்தேன்.

ஆனால் இரண்டு நாடாவிலும் நடுவில் அரிசிக் குருணை மாதிரி ஒரு தடிப்பு. அதனால் சேர்ந்து மூட முடியவில்லை. கத்திக் கத்தி வந்த காய்ப்பாம். பலமாகச் செருமுவது அந்த இரண்டையும் ஒன்றோடொன்று அறைவதற்குச் சமமாம். நான் செய்கிற மாதிரி அழுத்திக் கிசுகிசுப்பது ஓய்வே இல்லை, அதுவும் தொண்டையை இறுக்குவதுதானாம். காரமான மிட்டாய் உலர்த்திவிடுமாம். தண்ணீர் குடிக்கச் சொன்னார். தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற நான் நாளைக்கு இரண்டு டம்ளர்தான் குடிக்கிறேன் என்றதும் சிரித்துவிட்டார். இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டார். முப்பது வருடமாக இப்படியே செய்து தொண்டை வெண்கலமாக இருக்கிற என் தாய்மாமா என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த மாமாவை நான் பார்க்கணுமே. அந்தத் தொண்டைக்குள்ள என்னதான் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

கிண்டலாகச் சொல்லவில்லை மாமா. உண்மையிலேயே ஆசைப்படுகிறார்.

பத்து நாள் பேசவே கூடாதாம். பிறகு மூச்சிலிருந்து ஆரம்பித்து மெதுவாகப் பல மாதப் பயிற்சி. அப்படிச் செய்தால் செப்டம்பர் சோதனைக்கு என் குரல் தயாராகாது. அவர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் எதிரெதிர். அவர் படித்தவர். நீங்கள் செய்து காட்டியவர். ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். உங்கள் தொண்டை ஒருமுறையாவது கெட்டிருக்கிறதா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
தவளை


ஜூலை 19

தவளைக்குட்டிக்கு,

நாங்கள் சுகம். நீ உடுப்போடு குதித்ததைப் படித்து அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உடுப்பு காய்ந்ததா?

அந்தக் கேமராவைப் பற்றி இன்னும் விவரமாக எழுது. மூக்கில் விடும்போது தும்மல் வராதா? நாடா வெள்ளை என்றாய், எல்லாருக்கும் வெள்ளைதானா, வயதானவர்களுக்கு வேறு நிறமா? ஒரு நாடா நன்றாக இருந்து மற்றது அசையாமல் போனால் திரையில் தெரியுமா? அதில் பழைய காயம் இருந்தால், ஆறு வருடத்துக்கு முந்தையது என்று வைத்துக்கொள், அதையும் கண்டுபிடித்துவிடுவார்களா? சும்மா ஒரு ஆர்வத்தில் கேட்கிறேன். மனிதனுக்கு எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை இருக்க வேண்டும்.

உங்கள் மருத்துவர் என்னைப் பார்க்க ஆசைப்படுவதில் ஆச்சரியமில்லை. ஏற்கெனவே மூன்று மருத்துவர்கள் ஆசைப்பட்டார்கள், நேரம் கொடுக்க முடியவில்லை. போன வாரம் கடைக்கு ஒரு பெரிய மரக்கட்டில் வந்தது. அதில் ஓர் அமைச்சர் படுத்துத் தூங்கியதாகச் சொன்னோம். தூங்கினார் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார் ஒருவர். அமைச்சர் தூங்குவதற்குச் சாட்சி வேறு வேண்டுமா என்று கேட்டதும் கூட்டம் சிரித்துப் போட்டி போட்டு வாங்கிவிட்டது.

வேலை குவிந்து கிடக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


ஜூலை 26

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். எல்லாரும் நலமா?

அமைச்சரின் கட்டிலைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

பிறகு நானே யோசித்தேன். கெட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். மாமா கதை அளப்பார், ஆனால் என் தொண்டை விஷயத்தில் அளக்கமாட்டார். பதில் எழுதாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த பத்து நாள் ஓய்வை எடுக்கப் போவதில்லை. மேலாளரிடம் கொடுத்த விடுப்புக் கடிதத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து டிரம், காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. சோதனைக்கு இன்னும் முப்பத்தேழு நாள்.

துண்டு கொடுக்கிற சன்னலில் என்னால் உட்கார முடியாது மாமா. அங்கிருந்து பார்த்தால் தண்ணீர்கூடத் தெரியாது.

அன்புடன்,
தவளை


ஜூலை 30, விரைவு அஞ்சல்

என் அக்கா மகளுக்கு,

டிரம்மை நிறுத்து. மீதியைப் பிறகு படி.

அத்தை உன் குளத்துக்குப் போன் செய்து, மாமாவின் கடிதம் வரும்வரை வாயைத் திறக்காதே என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். காரணத்தை அவள் சொல்லியிருக்கமாட்டாள். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அதை மடித்து என் எதிரில் வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா? என் எழுத்து கோணல். ஆனா பொய் இருக்காது."

நானே எழுதுகிறேன்.

என் தொண்டை கெட்டிருக்கிறது. ஆறு வருடம் ஆகிறது. மூடிப்போன ஒரு ஹோட்டலின் சாமான் முழுவதும் ஏலத்துக்கு வந்தது. மூன்று நாள் ஏலம். எனக்கு நல்ல சளி, காய்ச்சல் வேறு. கடை முதலாளி ஒத்திவைக்கலாமா என்று கேட்டார். நான்தான் இந்தத் தொண்டைக்குச் சளி ஒரு பொருட்டா என்றேன். இரண்டாம் நாள் மத்தியானம், சமையலறைப் பாத்திரங்களைக் கூவிக்கொண்டிருந்தபோது, உள்ளே தையல் விட்டதுபோல ஏதோ பட்டென்றது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். கடுங்காப்பி குடித்தேன், செருமினேன், மூன்றாம் நாளும் கூவினேன். நாலாம் நாள் காலையில் அத்தையைக் கூப்பிட்டேன், அவள் திரும்பவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் டிரம். கேட்டுக்கொள், நன்றாக இருந்த காலத்தில் நான் டிரம்மில் கத்தியதே கிடையாது. போன குரலைத் திரும்பக் கொண்டுவர நானாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது. இரண்டு மாதம் கத்தினேன். நாலு பங்கில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது, அதையும் டிரம் குடித்துவிட்டது. மருத்துவரிடம் போகவில்லை. போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன். ஊருக்கு அதற்குள் தெரிந்துதான் இருந்தது.

இப்போது கடையில் கூவுவது, முன்பு கண்ணாடிச் சாமான் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள். அமைச்சர் ஜோக் அவள் சொன்னது. நான் பொருளைத் தூக்கிப் பிடிக்கிறேன். போனை எடுத்தால் என்னிடமிருந்து மூச்சுதான் வரும். நீ இந்த ஊருக்கு வந்து ஏழு வருடம் ஆவதால் உனக்குத் தெரியாமல் போயிற்று. வீட்டில் அத்தையைக் கூப்பிடக் கரண்டியால் தட்டில் தட்டுகிறேன். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு என்றால் தண்ணீர்.

உன் முதல் கடிதம் வந்த அன்று, ஆறு வருடத்துக்குப் பிறகு ஒருத்தி என் தொண்டையைப் பற்றி மரியாதையாகக் கேட்டிருக்கிறாளே என்று மயங்கிவிட்டேன். அந்த மயக்கத்தில் எழுதியதுதான் எல்லாம். வலிக்கிறது என்று நீ எழுதியபோது எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் வலித்தது. தெரிந்தும் பழுக்கிற காய் என்று எழுதினேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே மாமன் வாயால் தவளை கெட்டது.

மருத்துவர் சொன்னபடி செய். சன்னலுக்குப் போக நேர்ந்தால் அந்தப் பழி என் மேல்.

மாமா


ஆகஸ்ட் 21

அக்கா மகளுக்கு,

சுகம் விசாரித்து எழுதுவது வழக்கம். நான் சுகமில்லை, உன் பதில் வராததால். அத்தை என்னோடு பேசுகிறாள், தேவையானதை மட்டும்.

மூன்று வாரம் ஆகிறது. கோபமாக இருந்தால் நியாயம். திட்டி எழுது, படிக்கிறேன். உன் அம்மாவிடம் கேட்கலாம் என்று பார்த்தேன், கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதனால் சொல்லிவிட்டேன். அக்காவுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். 'ஆறு வருஷமா எனக்கே தெரியாதா' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஒரு வார்த்தை எழுது. டிரம்மை நிறுத்தினாயா?

மாமா


செப்டம்பர் 6

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

வணக்கம். நலம். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையிலேயே கொஞ்சம் நலம்.

அத்தையின் போன் வந்தபோது நான் டிரம்முக்குள்தான் இருந்தேன். துடைக்கிற அக்கா முதுகில் தட்டி வெளியே இழுத்தார். கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்துக்கு அளவில்லை மாமா. ஆனால் மறுநாளே பத்து நாள் மௌனத்தில் உட்கார்ந்துவிட்டேன். பேசக்கூடாதவளுக்குக் கோபம் வந்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள் என்பதற்கு மருத்துவரிடம் மருந்து இல்லை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது இது.

மௌனம் விநோதமாக இருந்தது. எத்தனை சொல்லை வீணாகச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பத்து நாளும் கரையில் உட்கார்ந்து, எனக்குப் பதிலாக வந்த பயிற்சியாளரைப் பார்த்தேன். அவரும் கத்துகிறார். அவர் கத்தும்போது முக்கால்வாசிப் பிள்ளைகளின் தலை தண்ணீருக்குள் இருக்கிறது. மாமா, பதினொரு வருடமாகக் கேட்காத காதுகளுக்காகக் கத்தியிருக்கிறேன். தலை வெளியே வரும் நேரம் பார்த்துச் சொன்னால் பாதிச் சத்தம் போதும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை.

மௌனம் முடிந்ததும் பயிற்சி. தோளை இறக்கி, வயிற்றிலிருந்து மூச்சு எடுத்து, உதட்டை மூடி ஒரு முனகல். அவ்வளவுதான் முதல் மூன்று வாரம். மேலாளரின் சோதனைக்கு அதற்குள் நாள் வந்துவிட்டது.

கரையில் நின்று 'கரைக்கு வா' என்று ஒரே தடவை கூப்பிட்டேன். அலறவில்லை. அந்தக் கரையில் சத்தம் கேட்டதாம், சொல் தெளிவில்லையாம். அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு ஒரு நிமிடம் கேட்டு வாங்கினேன். விசிலை ஒரு ஊது ஊதி வலது கையை உயர்த்தினேன். முந்தின நாள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். இருபது எண்ணுவதற்குள் இருபத்தைந்து தலையும் சுவரோரம். அவர் காகிதத்தைத் திருப்பி விதியை இன்னொரு தடவை படித்தார்.

"விதியில இது இல்ல. ஆனா பசங்க வந்துட்டாங்களே."

டிசம்பர்வரை தவணை. அதுவரை பெரிய குளம் கிடையாது, மார்பளவு ஆழமுள்ள சின்னக் குளம். நானும் தண்ணீரில் நின்றே சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பிள்ளையும் கை நீட்டும் தூரத்தில். டிசம்பரில் என்ன ஆகுமோ தெரியாது. ஆனால் தண்ணீர் தெரிகிறது.

மருத்துவர் இன்னும் உங்களைக் கேட்கிறார். உண்மையைச் சொல்லிவிட்டேன். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கட்டியிருந்தால் கட்டாயம் காட்ட வேண்டுமாம். ஆறு வருடத்தில் எத்தனை மூன்று வாரம் என்று எட்டாவதை மூன்று தடவை படித்த நீங்களே கணக்குப் போடுங்கள். இங்கே வர வேண்டாம், உங்கள் ஊரிலேயே போங்கள். போன பிறகு எழுதுங்கள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதுங்கள்.

அன்புடன்,
தவளை


செப்டம்பர் 29

தவளைக்குட்டிக்கு,

அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் சுகம். சின்னக் குளத்தில் உன் தொண்டை சுகமாக இருக்கட்டும், தண்ணீர் குடி.

போனேன். போகவில்லை என்று எழுதினால் நம்புவாய், போனேன் என்றால் நம்பமாட்டாய், அதனால் சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். காத்திருந்த இடத்தில் பதினாலு பேர். யாருமே பேசவில்லை. ஒரு வாத்தியார், ஒரு பேருந்து நடத்துநர், ஒரு வக்கீல். வாயால் பிழைக்கிறவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். வக்கீல் என்னைப் பார்த்துத் தொண்டையைக் காட்டினார். நானும் என் தொண்டையைக் காட்டினேன். அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

கேமராவுக்குத் தும்மல் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. திரையில் பார்த்தேன். உனக்கு ஓடி வந்து சேர்ந்ததே, எனக்கு ஒன்றுதான் ஓடி வருகிறது. மற்றது விறைத்து நிற்கிறது, மேலே ஒரு தழும்பு. நடுவில் சந்து. அதன் வழியாகத்தான் என் குரல் முழுவதும் காற்றாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பயப்படுகிற மாதிரி வேறு ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். அதைக் கேட்டு அத்தை என் முழங்கையை விட்டாள். அதுவரை பிடித்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருடம் அவள் இதை வேறு என்னவாகவோ நினைத்துப் பயந்திருக்கிறாள், என்னிடம் கேட்கவே இல்லை.

பழைய குரல் வராதாம். கூவ முடியாதாம். ஆனால் பயிற்சி செய்தால் சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருக்கிறவருக்குக் கேட்கிற அளவு பேசலாமாம். வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், கையில் ஒரு நொடிக் கடிகாரம். ஒரே மூச்சில் 'ஆ' என்று எவ்வளவு நேரம் சொல்ல முடிகிறது என்று அளந்தாள். நல்ல தொண்டை பதினைந்து, இருபது நொடி தாங்குமாம்.

என் கணக்கை 'நாற்பது நொடி' என்று மேலே எழுதி அடித்திருப்பது உனக்குத் தெரியும். மையைக் கொட்டி மறைத்தும் தெரிகிறது. அத்தை சொல்லி அடிக்கவில்லை, நானேதான் அடித்தேன். உண்மையில் நாலு நொடி.

இன்று காலை ஐந்து. அத்தை சாட்சி.

மாமா